முதலில் காலைக் காட்டுங்கள்

"சிஸ்டர், எதிர்ப்பு சக்தி ஏறுறதுக்கு என்ன சாப்பிடலாம்?" என்று 2020க்கு முன்னால் என்னிடம் யாரும் கேட்டதாக நினைவில்லை. அதற்கு முன்பெல்லாம் கேள்வி வேறு மாதிரி இருக்கும்: "புண்ணு ஏன் இன்னும் ஆற மாட்டேங்குது?" எனக்கு இரண்டும் ஒரே கேள்விதான். முதல் கேள்வியோடு வருகிறவர் கையில் ஏற்கெனவே ஏதாவது ஒரு பொடி டப்பா இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

என் வேலை சர்க்கரை நோயாளிகளின் காலைப் பார்ப்பது. வேலூரில் நர்ஸிங் படித்தேன். அரசு மருத்துவமனைகளில் அறுவை வார்டுகளில் பல வருடம் இருந்தேன். பிறகு திருவண்ணாமலையில் ஒரு சர்க்கரை நோய் மருத்துவமனையின் டிரஸ்ஸிங் ரூமுக்கு வந்தேன்; அங்கேயே தங்கிவிட்டேன். அறைக்குள் வருகிறவரிடம் முதலில் செருப்பைக் கழற்றச் சொல்வேன். "காலுல ஒண்ணும் இல்ல சிஸ்டர், சுகர் மட்டும்தான்" என்பார்கள். கடைசி இரண்டு விரலின் இடுக்கைப் பிரித்துப் பார்த்தால் தோல் வெள்ளையாக ஊறி உரிந்து கிடக்கும். சேற்றுப்புண். அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கிருமி உள்ளே போக அந்த அளவு வழி போதும் என்று எனக்குத் தெரியும்.

எண்பதுகளின் நடுவில் நான் வார்டில் சேர்ந்தபோது சர்க்கரையை நிறத்தில்தான் பார்த்தோம். டெஸ்ட் டியூபில் ஐந்து மில்லி பெனடிக்ட் கரைசல், அதில் எட்டுச் சொட்டு சிறுநீர். ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க விட வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் ஒரு பிளஸ், மஞ்சள் இரண்டு, ஆரஞ்சு மூன்று, செங்கல் நிறம் நான்கு. நிறத்தைச் சொன்னால் டாக்டர் இன்சுலின் யூனிட்டைச் சொல்வார். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்து, அதே ஊசியை மறுபடி மறுபடி போடுவோம். ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் தெரியும் என்பதால், நீலம் வந்தது என்று நாங்கள் நிம்மதியாக எழுதி வைத்த எத்தனையோ பேருக்கு உண்மையில் அந்த அளவை ஒட்டித்தான் இருந்திருக்கும். சென்னையில் 1948லேயே ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் இந்த நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கிவிட்டார். எங்கள் பக்கத்துச் சிற்றூர்களுக்கு அந்த வெளிச்சம் வந்து சேர வெகுநாள் பிடித்தது.

அந்த வார்டுகளில் கால் எடுப்பது வாரா வாரம் நடக்கிற காரியம். முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே. யூசால் கரைசலில் காஸை நனைத்துப் புண்ணுக்குள் அடைப்போம். அழுகல் தோல் உதிர்வதற்குப் பப்பாளிக் காயைத் துருவி வைத்துக் கட்டிய காலமும் உண்டு. அது ஓரளவு வேலையும் செய்தது. என்னைக் குழப்பியது வேறு. பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் காலில் ஒரே அளவு காயம், ஒரே மருந்து. ஒருவர் பத்து நாளில் வீட்டுக்குப் போகிறார். மற்றவருக்குச் சீழ் மேலே மேலே ஏறுகிறது. இரவு ரவுண்ட்ஸ் வந்த ஒரு டாக்டரிடம் கேட்டேன். பொறுமையான மனிதர். கேஸ் ஷீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டே காட்டினார்.

அவர் சொன்னதை நான் இன்றுவரை நோயாளிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கிருமி நுழைந்த இடத்துக்கு ஓடிப்போய் அதைக் கவ்வி விழுங்க வேண்டியவை ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள். சர்க்கரை 200க்கு மேலேயே நின்றால் அவற்றின் எண்ணிக்கை குறைவதில்லை. சேற்றில் இறங்கிய மாடு மாதிரி ஆகிவிடுகின்றன. போய்ச் சேரத் தாமதம், கவ்வுவதில் தளர்ச்சி, விழுங்கிய கிருமியைக் கொல்வதிலும் குறை. அடுத்தது ரத்தக் குழாய். காலுக்குப் போகும் குழாய் அடைத்துக்கொண்டால் வெள்ளை அணுவும் போகாது, நாம் போடும் ஆன்டிபயாடிக்கும் போகாது. பீடி குடிப்பவருக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். மூன்றாவது நரம்பு. வலிதான் உடம்பின் முதல் எச்சரிக்கை. நரம்பு செத்த காலில் அந்த எச்சரிக்கை வருவதே இல்லை. இதில் எதிர்ப்பு சக்தி எங்கே குறைந்தது? இருக்கிற சக்தியை வேலை செய்ய விடாமல் சர்க்கரை கட்டிப்போட்டிருக்கிறது. அதை இறக்கினால் வெள்ளை அணுக்களின் சுறுசுறுப்பு பெருமளவு திரும்புகிறது. ஆகவே சர்க்கரைக்காரர் ஒருவர் எதிர்ப்பு சக்திக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால், என்ன சாப்பிடலாம் என்பதற்கு முன்னால் நான் அவருடைய மூன்று மாத டெஸ்ட்டைக் கேட்பேன். எச்பிஏ1சி என்று ரிப்போர்ட்டில் இருக்கும். அது 10, 11 என்று இருக்கையில் எந்தக் கஷாயமும் அந்த அணுக்களை எழுப்பாது.

திருவண்ணாமலைக்கு வந்த பிறகுதான் வெறுங்காலின் முழு அர்த்தம் புரிந்தது. பௌர்ணமி முடிந்த மறுநாள் தொடங்கி அந்த வாரம் முழுக்க எங்கள் அறையில் உட்கார இடமிருக்காது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். சித்திரை பௌர்ணமிக்குப் பகலிலேயே நடக்கத் தொடங்குகிறவர்களும் உண்டு. தார் ரோடு கொதிக்கும். உணர்ச்சி உள்ள காலென்றால் நாலு அடியில் ஓரமாகத் தாவிவிடும். உணர்ச்சி போன கால் சாவகாசமாக நடந்து முடிக்கும். மறுநாள் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளத்தோடு வந்து, "சாமி புண்ணியத்துல எனக்கு வலியே இல்ல சிஸ்டர்" என்று ஓர் அம்மா சந்தோஷமாகச் சொன்னார். அந்த வலியின்மைதான் நோய் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது?

கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள். அதற்கு எங்களிடம் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் கைப்பிடி, அதன் முனையில் தூண்டில் நரம்பு போன்ற நைலான் இழை. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்தது. நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, பெருவிரலின் அடியில், பாதத்தின் முன் மேட்டில், அங்கங்கே தொட்டு அழுத்துவேன். பட்டால் "ம்" சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். நான் ஏழெட்டு இடம் தொட்டு முடித்துவிட்டேன். "எப்ப சிஸ்டர் ஆரம்பிக்கப் போறீங்க?" என்றார். அவருடைய மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். அதே காலின் குதியில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. ஸ்பிரிட்டால் துடைத்து, மேல்தோலைச் சீவி, ஃபோர்செப்ஸால் பிடித்து இழுத்தேன். ஒரு விரற்கடை நீளத்தில் கருவேல முள். அது ஏறி எத்தனை நாள் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அதை ஒரு காஸில் மடித்து அந்த அம்மா கையில் கொடுத்தேன். மறுநாளிலிருந்து தினமும் இரவு கணவர் காலை டார்ச் அடித்துப் பார்ப்பதை அவர் வேலையாக வைத்துக்கொண்டார்.

கிரிவலம் போகாதீர்கள் என்று நான் சொல்வதில்லை. சொன்னால் கேட்கவும் மாட்டார்கள். சூரியன் இறங்கித் தரை ஆறிய பிறகு போங்கள், கெட்டிப் பருத்தி சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், போவதற்கு முன்னும் வந்த பின்னும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள் என்பேன். புண் இருந்தால் ஆட்டோவில் சுற்றி வாருங்கள். அண்ணாமலையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

செருப்பு விஷயத்தில் எங்கள் வட்டாரத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கையையும் காலையும் ஆராய்ந்தவர். விரல்கள் தானாக அழுகி விழவில்லை, வலி தெரியாததால் காயப்பட்டுக் காயப்பட்டுத் தேய்கின்றன என்று எடுத்துக் காட்டியவர்களில் முன்னோடி. வேலூரிலும் கரிகிரியிலும் அந்தக் கால்களுக்காக மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பரில் செருப்பு செய்தார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். பிராண்ட் பிற்பாடு அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, அதே பாடம் சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் பொருந்துவதைக் கண்டார்கள். சர்க்கரைக் கால் சிகிச்சையில் உலகம் முழுவதும் இன்று செய்கிற பல காரியங்களுக்கு வேர் எங்கள் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊர்க்காரரிடம் அந்தச் செருப்பை நீட்டினால், "அது பெருநோய்க்காரங்க போடுறதாச்சே" என்று முகம் சுளிப்பார். இதற்காகவே கல்யாண வீட்டுக்குப் போட்டுப் போகிற மாதிரி வார் வைத்து, கறுப்பு, பழுப்பு நிறங்களில் தைத்துத் தரும் ஆட்களைத் தேடிப் பிடித்தோம். அதன் பிறகு பெண்கள் வாங்கத் தொடங்கினார்கள். வீட்டுக்குள் போட மாட்டார்கள், அது இன்னொரு போராட்டம். சமையலறைக்கென்று தனி ஜோடி வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

நடைப்பயிற்சியைப் பற்றி எல்லோரும் நல்லதே சொல்வார்கள். நானும் சொல்வேன். சாப்பிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்; சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றம் தணியும். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தவர்களுக்கு நடையும் உணவு மாற்றமும் என்ன செய்யும் என்று சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் மூன்று வருடம் பின்தொடர்ந்து பார்த்து 2006இல் வெளியிட்டார்கள். நோயாக முற்றும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது; மெட்ஃபார்மின் மாத்திரை போட்டவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இவ்வளவு இருந்தும், காலில் புண்ணோடு வருகிறவரிடம் நான் நடக்காதீர்கள் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆரணியிலிருந்து ஒரு பட்டு நெசவாளர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். குழித்தறியில் நாள் முழுக்க உட்கார்ந்து மிதிகட்டையை மிதிக்கிற கால். பெருவிரலுக்கு அடியில் ஆணி விழுந்து, அதைப் பிளேடால் சீவி, மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஆணி பிளாஸ்திரியை ஒட்டியிருக்கிறார். அந்தப் பிளாஸ்திரியில் இருப்பது தோலைக் கரைக்கும் அமிலம். நல்ல காலுக்கே பார்த்துத்தான் போட வேண்டும். ஆணியோடு சேர்த்துச் சதையும் போய், ஐந்து ரூபாய் அகலத்துக்குப் பள்ளம். டாக்டர் எப்போதோ ஒரு முறை நடக்கச் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, அந்தப் புண்ணோடு காலையில் ஒரு மணி நேரம் நடந்துகொண்டும் இருந்தார். மருந்து மாற்றி மாற்றிக் கட்டியும் ஆறவில்லை என்று ஆறு மாதமாக அலைந்திருக்கிறார்.

அவருக்கு நாங்கள் புதிதாக எந்த மருந்தும் தரவில்லை. சுற்றிலும் கெட்டித்த தோலைச் சீவி எடுத்தோம். எலும்பு வரை போயிருக்கிறதா என்று மழுங்கிய கம்பியால் தொட்டுப் பார்த்தோம், நல்லவேளை, போகவில்லை. பாதத்தின் எடை அந்த இடத்தில் விழாதபடி முழங்கால் வரை மாவுக்கட்டு. தறிக்கு லீவு. அந்த வீட்டுக்கு அதுதான் பெரிய செலவு, முகூர்த்த மாதம் வேறு. இன்சுலின் இரண்டு வேளை. "ஊசின்னா கடைசிக் கட்டம்தானே?" என்று அழுதார். புண் ஆறும் மட்டும் போடுங்கள், பிறகு டாக்டர் பார்த்துச் சொல்வார் என்றோம். அந்த வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. மண்பானையில் ஈர மணல் போட்டு, அதில் சின்னச் சட்டியை வைத்து இன்சுலின் பாட்டிலை வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் வெயிலுக்கு அது போதுமான அளவு தாங்கும். இரண்டு மாதத்துக்குள் பள்ளம் மூடியது. கூட வந்திருந்த மைத்துனர் "நல்ல மருந்து போட்டீங்க" என்றார். மிதிக்காமல் இருந்ததும் சர்க்கரை இறங்கியதும் தவிர வேறொன்றும் இல்லை என்றால் நம்பவில்லை.

சாப்பாட்டுப் பக்கம் வருகிறேன். இங்கேதான் ஆளாளுக்கு ஒரு சாஸ்திரம். புண் வந்ததும் வீட்டில் பெரியவர்கள் முதலில் நிறுத்துவது முட்டை, மீன், கறி, பருப்பு. சீழ் பிடிக்குமாம். பத்தியம் என்று ரசம் சோறும் கஞ்சியும் போடுவார்கள். புதுச் சதை வளரப் புரதம் வேண்டும், வெள்ளை அணு உண்டாகவும் புரதம் வேண்டும். அதை நிறுத்திவிட்டு மாவுச்சத்தை மட்டும் ஊட்டினால் சர்க்கரை ஏறுகிறது, புண் பட்டினி கிடக்கிறது. பாதி நோயாளிகளுக்கு நான் எழுதிக் கொடுக்கும் 'டானிக்' இதுதான்: தினம் இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு, ஒரு கிண்ணம் சுண்டல், மோர். சைவக்காரருக்குப் பச்சைப் பயறும் தயிரும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு அளவு.

ஆடி மாதம் கூழ் ஊற்றுவார்கள். கேழ்வரகு சர்க்கரைக்கு நல்லது என்று சொம்பு சொம்பாகக் குடித்துவிட்டு வருவார்கள். மீட்டரில் 380 காட்டும். கேழ்வரகு நல்ல தானியம்தான். மாவாக அரைத்துக் குழையக் காய்ச்சிக் கூழாக்கினால் அரிசிக் கஞ்சி ஏற்றுகிற வேகத்திலேயே அதுவும் ஏற்றும். களியாகக் கொஞ்சம் கிண்டி, கீரைக் குழம்போடு சாப்பிட்டால் கதை வேறு. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் மூன்றையும் பற்றி இனிமேல் எழுதினாலும் யாரும் கேட்கப் போவதில்லை. மூன்றும் சர்க்கரைதான்.

மூலிகைக்கு நான் எதிரி இல்லை. வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிடுவதில் பலன் உண்டு. அதன் நார் சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கிறது. பாகற்காயைக் காயாகச் சாப்பிடுங்கள், நல்ல காய். சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் நாக்கில் இனிப்பே கொஞ்ச நேரம் தெரியாது. வாரச் சந்தையில் இதைக் காட்டித்தான் பொடி விற்பார்கள். நாக்கில் இனிப்பு மறைந்ததைப் பார்த்தவர், ரத்தத்திலும் மறைந்துவிட்டதாக நம்பி இன்சுலினை நிறுத்துகிறார். பிரச்சினை அங்கேதான். அப்படி நிறுத்திவிட்டு மூச்சு வாங்க, வாயில் பழ வாடை அடிக்க, நினைவு தப்பி வந்தவர்களை ஐ.சி.யூ.வுக்குத் தள்ளிக்கொண்டு ஓடியிருக்கிறேன். இதற்கு நேர்மாறாகவும் உண்டு. பேர் இல்லாத ஒரு வேர்ப்பொடி சாப்பிட்டுச் சர்க்கரை 40க்கு இறங்கி, வியர்த்துக் கொட்டிய பெரியவர். வேர் அவ்வளவு வேகமாகக் குறைக்காதே என்று டாக்டருக்குச் சந்தேகம். இந்த மாதிரிப் பொடிகளில் பழைய சர்க்கரை மாத்திரையையே அரைத்துக் கலக்கும் வழக்கம் இந்தத் தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. லேபிள் ஒட்டாத டப்பாவை யார் கொண்டுவந்தாலும் நான் மூடியைத் திறப்பதற்கு முன்னால் மீட்டரைத்தான் எடுப்பேன்.

இளைத்துப் போவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். செய்யாற்றுப் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர், புண்ணுக்குக் கட்ட வாரம் ஒருமுறை வருவார். வாரா வாரம் சட்டை தொளதொளத்தது. "சுகர்னா இளைக்கத்தானே செய்யும்" என்று உடம்பு தேற லேகியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கட்டும்போது நான் கவனித்தது இருமல். எத்தனை நாளாக என்று கேட்டேன்; மாசம் ஒன்றுக்கு மேல். சளி டெஸ்ட்டில் காசநோய். சர்க்கரை உள்ளவருக்கு டி.பி. வரும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. தமிழ்நாட்டில் காசநோயாளிகளைச் சோதித்த ஓர் ஆய்வு 2012இல் வந்தது. நாலில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அதற்குப் பிறகு டி.பி. வந்தவருக்கெல்லாம் சுகர் பார்ப்பது நடைமுறையாகிவிட்டது. சுகர்காரரிடம் இருமலைக் கேட்பது மட்டும் பல இடங்களில் இன்னும் வழக்கமாகவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், இளைப்பு என்றால் லேகியத்தை ஒதுக்கிவிட்டுச் சளியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். டிரைவர் ஆறு மாதம் மருந்து சாப்பிட்டார். உடம்பு தேறியது, சர்க்கரையும் கட்டுக்குள் வந்தது, புண்ணும் அதோடு மூடியது.

கொரோனா வந்ததும் ஊரே எதிர்ப்பு சக்திக்கு வரிசையில் நின்றது. கபசுரக் குடிநீரைத் தெருமுனையில் அண்டாவில் காய்ச்சி ஊற்றினார்கள். நானும் குடித்தேன், கசப்பு எனக்குப் பழக்கம். தவறேதும் இல்லை. ஆனால் சீந்தில் கொடியைத் தினமும் அரைத்துக் குடித்துக் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி 2021இல் மும்பை டாக்டர்கள் எழுதினார்கள். அளவில்லாமல் எதைக் குடித்தாலும் அதற்கும் ஒரு கணக்கு உடம்பில் ஏறும்.

2021 ஏப்ரல், மே மாதங்களை நினைத்தால் இப்போதும் தூக்கம் கெடும். ஆக்சிஜன் இறங்கியவர்களுக்கு ஸ்டீராய்டு போட்டார்கள், போடத்தான் வேண்டியிருந்தது. சர்க்கரை 400, 500 என்று எகிறியது. பிழைத்து வீட்டுக்குப் போனவர்கள் பதினைந்து இருபது நாளில் முகம் ஒரு பக்கம் வீங்கி, மூக்கடைத்து, மேல்வரிசைப் பல் ஆடி, கண் பிதுங்கித் திரும்பி வந்தார்கள். கறுப்புப் பூஞ்சை. அந்த மே மாதத்தில் அதை அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கினார்கள். அந்தப் பூஞ்சையின் விதை காற்றிலும் மண்ணிலும் எப்போதும் இருக்கிறது. நாம் எல்லோரும் தினமும் சுவாசிக்கிறோம். மற்றவர்கள் உடம்பில் வெள்ளை அணுக்கள் சத்தமில்லாமல் அதை முடித்துவிடுகின்றன. சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்து அவற்றை முடக்கிய உடம்பில் அது வளர்ந்துவிட்டது. வார்டில் அவர்கள் தலைமாட்டில் வைட்டமின் சி, ஜிங்க் மாத்திரை அட்டைகள் அடுக்கி வைத்திருக்கும். மீட்டர் வீட்டில் இருந்து, ஸ்டீராய்டு போட்ட நாட்களில் நாலு வேளை பார்த்து இன்சுலின் ஏற்றியவர்களில் அந்த நோயோடு திரும்பியவர்களை நான் பார்க்கவில்லை. என் அறையில் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு சில காரியங்கள் மாறின. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதும் கிராமத்துப் பாட்டிகளுக்கு மாத்திரை வீட்டுக்கே போகிறது. மாத்திரை வாங்கப் பஸ் ஏற வேண்டுமே என்று பத்து நாள் விட்டு, சர்க்கரை ஏறி, புண்ணோடு வருகிற கூட்டம் என் கண்ணுக்குத் தெரிந்தே குறைந்திருக்கிறது. எதிர்ப்பு சக்திக்கு அரசு செய்த பெரிய உதவி எது என்றால் இதைச் சொல்வேன், யாரும் அப்படி எழுதுவதில்லை. தடுப்பூசி விஷயத்தில்தான் இன்னும் முரண்டு. வருடம் ஒரு ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி, ஹெபடைடிஸ் பி என்று சொன்னால், "அதெல்லாம் குழந்தைங்களுக்குத்தானே" என்பார்கள். எதிர்ப்பு சக்தியை நேராகப் பாடம் சொல்லிப் பழக்குகிற ஒரே பொருள் அது. ஆயிரக்கணக்கில் சத்துப் பொடிக்குச் செலவழிப்பவர் ஊசிக்கு மட்டும் விலை கேட்பார்.

இப்போது வருகிறவர்கள் வயதில் சின்னவர்கள். ஐ.சி.எம்.ஆர். 2023இல் வெளியிட்ட கணக்கில் நாட்டில் பத்துக் கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள், தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பதினாலு பேர். போன வருடம் முப்பத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் வந்தான். பெங்களூர்க் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை, அமெரிக்க நேரம், விடிகாலை நாலு மணிக்குப் படுக்கை. அக்குளில் கட்டி, ஆறினால் இன்னொன்று. ஒரு பை நிறைய டப்பா கொண்டுவந்து மேசையில் கொட்டினான்: நுரைக்கும் வைட்டமின் சி, ஜிங்க், முருங்கை கேப்ஸ்யூல், அஸ்வகந்தா, ஏதோ கம்மி மிட்டாய். "இம்யூனிட்டிக்கு இதுல எது சிஸ்டர் பெஸ்ட்?"

வாயைத் திறக்கச் சொன்னேன். காலைப் பார்க்கிற சிஸ்டர் வாயைப் பார்ப்பதா என்று சிரித்தான். ஈறு சிவந்து வீங்கி, தொட்டால் ரத்தம். துலக்கும்போது ரத்தம் வருவது அவனுக்கு வருடக் கணக்கில் பழகிவிட்டது. ஈறுச் சீழ் சர்க்கரையை ஏற்றும், ஏறிய சர்க்கரை ஈற்றை மேலும் கெடுக்கும்; ஈற்றைச் சுத்தம் செய்தாலே மூன்று மாத டெஸ்ட் அரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான அளவு இறங்கக்கூடும். பல் டாக்டரிடம் அனுப்பினேன். வைட்டமின் சி அதிகமாகப் போனால் சில மீட்டர்கள் தப்பாகக் காட்டும் என்பதால் அதை நிறுத்தச் சொன்னேன். அஸ்வகந்தாவை டாக்டரிடம் காட்டாமல் தொடக்கூடாது என்றேன். ஷிஃப்டை மாற்றக் கேட்டுப் பார்க்கச் சொன்னேன், கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. சரி, தூங்குகிற நேரத்தையாவது நாளுக்கு நாள் மாற்றாமல் ஏழு மணி நேரம், ஜன்னலில் கறுப்புத் துணி, மூன்று மணிக்குச் சாப்பிடும் பரோட்டாவுக்குப் பதில் முட்டையும் சுண்டலும்.

நாலாவது மாதம் வந்தான். மாத்திரையும் சேர்ந்ததால் எச்பிஏ1சி 9.8லிருந்து 7.4க்கு இறங்கியிருந்தது, புதிய கட்டி இல்லை. கம்மி மட்டும் இன்னும் சாப்பிடுகிறானாம், ருசியாக இருக்கிறதாம். அதில் எவ்வளவு சர்க்கரை என்று டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டுப் பேசாமல் பையில் போட்டுக்கொண்டான். பிறகு, "அம்மாவுக்கும் பன்னெண்டு வருஷமா சுகர் சிஸ்டர், காலெல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சொல்றாங்க" என்றான். வியாழக்கிழமை காலையில் கூட்டி வரச் சொன்னேன். வீட்டில் எந்தச் செருப்பு போடுகிறார்களோ அதையும் எடுத்து வரச் சொன்னேன்.